உள்ளே கம்பளி, வெளியே பருத்தி

என் மகளுக்குக் கன்னம் சிவந்தபோது முதலில் எல்லோரும் பாராட்டத்தான் செய்தார்கள். தில்லி லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில் எங்களைச் சுற்றியிருந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளெல்லாம் நம் நிறத்தில் பிறந்து நம் நிறத்திலேயே வளர்ந்தவர்கள். என் பிள்ளைக்கு மட்டும் தீபாவளி கழிந்து குளிர் தொடங்கியதும் கன்னம் இரண்டும் பழமாகப் பழுத்துவிட்டன. அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பஞ்சாபிப் பெண் பிள்ளையைப் பார்க்க வந்தவள், "அச்சா! காஷ்மீரி ஆப்பிள்!" என்று கன்னத்தைக் கிள்ளினாள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். அந்தப் பெருமை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சிவப்பு சொரசொரப்பானது. சொரசொரப்பில் நீர் கசிந்தது. கசிந்த நீர் காய்ந்து மஞ்சளாகப் பொருக்குத் தட்டியது.

கன்னத்திலிருந்து கழுத்துக்கு வந்தது. பிறகு மணிக்கட்டு, கணுக்கால், முழங்கை மடிப்பு. குப்புற விழவே இன்னும் சரியாகத் தெரியாத பிள்ளை, முகத்தை என் தோளில் வைத்துத் தேய்க்க மட்டும் கற்றுக்கொண்டுவிட்டாள். என் புடவைகளில் தோள்பட்டைப் பக்கமெல்லாம் பொருக்கும் ரத்தப் புள்ளியும் இருக்கும். தூங்கும்போதும் தலை இப்படியும் அப்படியும் உருளும். தலையணை உறையை மாற்றி மாற்றி எனக்கு அலுத்துவிட்டது. பிள்ளைக்குத்தான் தேய்ப்பது அலுக்கவேயில்லை.

ஊரில் இதற்குக் கரப்பான் என்று பெயர். பெயர் சொல்லிவிட்டால் அடுத்ததாகப் பத்தியமும் சொல்லிவிடுவார்கள். பால் கொடுக்கிற தாய் கத்தரிக்காய் தொடக்கூடாது, கருவாடு கூடாது, எள் கூடாது, வாழைக்காய் கூடாது. என் நாக்குக்குப் பிடித்ததை எல்லாம் தேடித் தேடிச் சேர்த்ததுபோல இருந்தது. பிள்ளைக்காகத்தானே என்று எல்லாவற்றையும் விட்டேன். சுரைக்காயும் பாசிப்பருப்பும் தின்று நான் இளைத்ததுதான் மிச்சம். பக்கத்து டிஸ்பென்சரியில் ரோஜா நிறத்தில் ஒரு லோஷன் தந்தார்கள். அதைப் பூசினால் பிள்ளை சுண்ணாம்பு அடித்த சுவராக இருப்பாள். மறுநாள் அந்த இடம் இன்னும் வறண்டு வெடித்திருக்கும்.

நான் ஒன்றும் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டவள் அல்ல. உண்மையில் அளவுக்கு மீறிக் கவனித்தேன். தில்லிக்காரர்கள் குளிர்காலத்தில் பிள்ளையைத் தினமும் குளிப்பாட்ட மாட்டார்கள், வெயிலில் போட்டுக் கடுகெண்ணெய் தேய்த்து விட்டுவிடுவார்கள். அதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். நம் வீட்டுப் பிள்ளைக்கு மார்கழியிலும் தினசரிக் குளியல் உண்டு. கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர், பயத்தமாவு போட்டு ஒரு தேய்ப்பு, சாம்பிராணி, அதன்பின் சிவக்கச் சிவக்க எரிகிற ரூம் ஹீட்டருக்கு முன்னால் வைத்து உலர்த்துவது. குளித்துவிட்டு வரும் பிள்ளை மினுமினுவென்று இருப்பாள். சாயங்காலத்துக்குள் தோல் காகிதமாகிவிடும். அதனால் மறுநாள் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பேன்.

அப்புறம் கம்பளி உடுப்பு. அது என் சொந்தப் பெருமை. வயிற்றில் பிள்ளை இருந்த குளிர்காலத்தில், மதிய உணவு நேரத்தில் அலுவலகப் புல்வெளியில் பஞ்சாபிப் பெண்களோடு உட்கார்ந்து பின்னக் கற்றுக்கொண்டேன். அந்த நாளில் தில்லி அலுவலகங்களில் குளிர்காலம் என்றால் அதுதான் காட்சி. வெயிலில் வட்டமாகப் பெண்கள், சுற்றிலும் வேர்க்கடலைத் தோல், ஆரஞ்சுத் தோல், மடியில் நூல் உருண்டை. பேச்சு நடந்துகொண்டிருக்கும், ஊசிகளும் நடந்துகொண்டிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, கம்பளி என்றால் சபரிமலைக்குப் போகிறவர்கள் சுருட்டி எடுத்துப்போவது என்று மட்டும் தெரிந்திருந்த நான், கிளிப்பச்சை நிறத்தில் ஸ்வெட்டர், குல்லாய், கால்சட்டை, சாக்ஸ் என்று முழு செட்டாகப் பின்னி முடித்தேன். கழுத்தில் முறுக்கு வைத்த டிசைன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே வாங்கி, அந்த முறுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தந்தாள்.

அந்தக் கம்பளியை நாங்கள் எப்படி உடுத்தினோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊரில் உடுப்பு என்றால் ஒரே அடுக்குதான். தில்லியில் இரண்டு அடுக்கு வேண்டும் என்று ஆனபோது எது உள்ளே, எது வெளியே என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களே யோசித்தோம். கம்பளியைத் துவைத்தால் குளிர்காலத்தில் மூன்று நாளானாலும் காயாது. பிள்ளையோ பால் கக்கும், கூழைப் பூசிக்கொள்ளும். அதனால் கம்பளியை வெறும் உடம்பில் போட்டு, அதற்கு மேலே பருத்திக் கவுனை மாட்டிவிட்டால் அழுக்கெல்லாம் கவுனோடு போய்விடும். கவுனைத் தினமும் துவைத்துக்கொள்ளலாம், கம்பளி புதுசாகவே இருக்கும். எங்கள் படிக்கட்டில் எல்லாத் தமிழ் வீட்டிலும் இதுதான் வழக்கம். என் வீட்டுக்காரர்கூட ஸ்வெட்டரைப் பனியன்போல உள்ளே போட்டு, மேலே இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டுதான் அலுவலகம் போவார். நான் வேலைக்குப் போனபின் பகலில் என் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட கீழ் வீட்டு மாமிக்கு இந்த ஏற்பாட்டில் பரம திருப்தி. "வெளில போனா எல்லாரும் கவுனைத்தானே பாப்பா, உள்ள கெடக்கற கம்பளியையா பாக்கப் போறா?" என்பார். மாமி வீட்டில் மூன்று பிள்ளைகள் அப்படித்தான் வளர்ந்தார்கள். அவர்களுக்கு யானைத்தோல், ஒன்றும் ஆகவில்லை.

இதற்கு நடுவில்தான் ஊரிலிருந்து மதினி எழுதினார். மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. பாளையங்கோட்டையில் இருந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. தில்லிக் குளிர் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, என்னிடம் அனுப்பிவிடு, மேலு தேறியதும், அதாவது உடம்பு குணமானதும், கூட்டிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். பங்குனியில் தானே நேரில் வருவதாகவும், திரும்பும்போது பிள்ளையைக் கையோடு எடுத்துப் போவதாகவும் அடுத்த கடிதத்தில் வந்தது.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். குரல் உயர்த்திப் பேசாதவர். யாரிடமும் ஒன்றும் கேட்காதவர். நான் கல்யாணமாகிப் போன புதிதில் மாமியார் வீட்டுக்கு அவர் வருவார். சொந்த அம்மா வீட்டில் நடுக்கூடத்தில் ஓரமாக உட்கார்ந்து, "கொஞ்சம் தண்ணி தாரீளா?" என்று நேற்று வந்த என்னிடம் கேட்டு வாங்கிக் குடிப்பார். தண்ணீர்ப் பானை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். என்ன பதவிசான பொம்பளை என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளையை ஊருக்கு அனுப்புவது அந்த நாளில் எங்கள் கூட்டத்தில் புதிதல்ல. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் பிள்ளை பிறந்தால், பால் மறந்ததும் ரயிலேற்றிவிட்டு, பள்ளிக்கூட வயதில் திரும்பக் கூட்டி வருவார்கள். அடுத்த பிளாக்கில் ஒரு வீட்டுக்கு அப்படி ஒரு பையன் திரும்பி வந்தான். பெற்றவளை அவன் "டெல்லி அம்மா" என்றுதான் கூப்பிட்டான். அவள் அதை வேடிக்கையாக எங்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. மதினியின் கடிதத்தைப் படித்ததும் அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

என் வீட்டுக்காரர் அக்கா பக்கம். "அக்கா கண்ணு மாதிரி பாத்துக்கிடுவா. பிள்ளைக்குச் சரியானாப் போதும்லா?" என்றார்.

"பங்குனிக்குள்ள நான் சரியாக்கிக் காட்டுதேன்," என்றேன்.

"ஆகலேன்னா?"

பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன். ஆகாவிட்டால் அனுப்புவது என்று அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்.

தை மாதத்தில் ஒரு நாள் லீவு போட்டு, பிள்ளையை ரஜாய்ப் பஞ்சுப் போர்வையில் சுற்றிக்கொண்டு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பனிமூட்டத்தில் எதிரே வரும் பஸ்ஸின் எண் தெரியாது, கிட்டே வந்ததும் கத்தி நிறுத்த வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, இது ஒட்டுமா என்று ஹிந்தியில் கேட்டாள். "ஆமாம், கேள்வி கேட்கிறவர்களுக்கு ஒட்டும்," என்றேன். அவள் எழுந்து முன்னால் போய்விட்டாள். எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது.

தோல் பிரிவில் இருந்தது ஒரு பெண் டாக்டர். நடுத்தர வயது, கம்பளிச் சால்வை, தூக்கமில்லாத கண். உட்காரச் சொல்லக்கூட நேரமில்லாதவர். "துணியை எடு, ஜல்தி," என்றார். கவுனைக் கழற்றினேன். உள்ளே கிளிப்பச்சை. டாக்டர் என் கையைத் தடுத்துவிட்டு, ஸ்வெட்டர் இருக்கும்போதே பிள்ளையின் கழுத்தைச் சுற்றி விரலால் ஒரு கோடு இழுத்தார். பிறகு மணிக்கட்டைச் சுற்றி. பிறகு சாக்ஸின் விளிம்பில். ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். அவர் விரல் போன இடத்திலெல்லாம் சரியாக அதே வளையத்தில் சிவந்து வெடித்திருந்தது. நான் தினமும் பார்த்த புண்தான். அதற்கு ஸ்வெட்டரின் வடிவம் இருந்ததை மட்டும் பார்க்கவில்லை.

"இதை யார் பின்னினது?"

"நான்தான்."

"ரொம்ப அழகு. ஏன் உள்ளே போட்டிருக்கிறாய்?"

வெளியே போட்டால் அழுக்காகும், துவைத்தால் காயாது என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் விளக்கினேன். அவர் பக்கத்தில் நின்ற மருத்துவ மாணவர்களைப் பார்த்து, "மதராஸி வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான் வருகிறார்கள்," என்றார். அவர்கள் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எங்கள் ஊர் வெயிலில் வந்து நீங்கள் எதை உள்ளே போடுவீர்கள், எதை வெளியே போடுவீர்கள் என்று பார்க்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். அத்தனை ஹிந்தி வரவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு அந்த அம்மாள் என்னை அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக நிறுத்தினார். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்புப் போதும், சீக்கிரம் குளிப்பாட்டி எடுத்துவிடு. பயத்தமாவு வேண்டாம். இங்கே எல்லோரும் பூசுகிறார்களே என்று கடுகெண்ணெயையும் தொடாதே. சாம்பிராணிப் புகை வேண்டாம். ஹீட்டர் பக்கம் கொண்டுபோகாதே. துண்டால் தேய்க்காதே, ஒற்றி எடு. ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே வாசலினை மேலெல்லாம் தாராளமாகப் பூசு, உலர்ந்தபின் பூசிப் பிரயோஜனமில்லை. குளித்த பிறகு மட்டுமல்ல, நாளில் பல தடவை பூசு. பருத்தி உள்ளே, கம்பளி வெளியே. நகத்தை ஒட்ட வெட்டு. ஒரு சின்ன ட்யூபும் எழுதித் தந்தார். சிவந்த இடத்தில் மட்டும், மெல்லிசாக, சில நாள்தான், பிறகு நிறுத்திவிட்டு வந்து காட்டு, பவுடர் பூசுவதுபோல இஷ்டத்துக்குப் பூசினாயோ தோல் கெட்டுப்போகும் என்று இரண்டு முறை சொன்னார்.

"கத்தரிக்காய்?" என்று கேட்டேன்.

"உனக்குப் பிடிக்குமா?"

"பிடிக்கும்."

"அப்படியானால் சாப்பிடு."

எழுந்திருக்கும்போதுதான் மனதில் இருந்ததைக் கேட்டேன். ஊருக்கு அனுப்பினால் சரியாகிவிடுமா? டாக்டர் அடுத்த நோயாளியின் சீட்டை எடுத்துவிட்டிருந்தார். "அங்கே குளிர் இருக்காது, வேர்வை இருக்கும். இது வரும், போகும். வளர வளரக் குறையும், பெரும்பாலும். அதுவரை யாராவது இதை வைத்துக் குடும்பம் நடத்தத்தான் வேண்டும். அது நீயா இன்னொருத்தியா என்பதை நான் எழுதித் தர முடியாது," என்றார்.

அன்று சாயங்காலம் கதவைத் தாழிட்டுவிட்டு, என் வீட்டுக்காரரின் ஸ்வெட்டரை வெறும் உடம்பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கழுத்தில் ஆரம்பித்தது. அடுப்பில் சோறு வடிப்பதற்குள் கழற்றி எறிந்துவிட்டேன். எனக்குக் கழற்றக் கை இருந்தது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். பிறகு அழுது என்ன ஆகப் போகிறது என்று கத்தரிக்காயை நறுக்கி எண்ணெயில் வதக்கினேன். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

மறுநாளிலிருந்து வீட்டில் எல்லாம் தலைகீழ். வெளுத்துவெளுத்துப் பூவாகிப்போன பழைய வேட்டி ஒன்றை வெட்டிப் பிள்ளைக்கு உள்சட்டைகள் தைத்தேன். தையல் உறுத்தக்கூடாது என்று தையல் விளிம்பெல்லாம் வெளிப்பக்கம் வரும்படி தைத்தேன். அதே துணியில் கைக்கு இரண்டு பைகள். வாசலின் தீர்ந்துபோனால் தேங்காயெண்ணெய். தில்லிக் குளிரில் அது பாட்டிலுக்குள் கல்லாக உறைந்துவிடும். ஜன்னல் வெயிலில் வைத்து இளக்கி எடுக்க வேண்டும். குளியலறையிலிருந்து கூடம்வரை கதவு, தரை, பால் புட்டி எல்லாம் பிசுபிசுவென்று ஆனது. என் வீட்டுக்காரர் ஒருநாள் வழுக்கிச் சுவரைப் பிடித்தார். "வீடா, செக்கா?" என்றார்.

கஷ்டம் பிள்ளையிடம் இல்லை, மாமியிடம். பயத்தமாவு வேண்டாம், பவுடர் வேண்டாம், நாள் முழுக்க எண்ணெய்ப்பசை வேண்டும் என்று சொன்னதும் மாமிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நான் மூணு பெத்து வளத்தவடி. அந்த டாக்டருக்குக் கொழந்தை உண்டோ?"

"தெரியல மாமி."

"கேட்டுண்டு வரப்படாதோ?"

இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. நானும் கெஞ்சவில்லை. காலையில் பிள்ளையோடு வாசலின் டப்பாவையும் கொடுத்துவிட்டு அலுவலகம் போய்விடுவேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது பிள்ளை பளபளவென்று இருந்தாள். பிள்ளை தேய்த்துக்கொள்வது குறைந்துவிட்டதை மாமியே கவனித்துவிட்டார். மாசி பிறப்பதற்குள் படிக்கட்டு முழுக்க எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் பருத்தி உள்ளே போய்க் கம்பளி வெளியே வந்துவிட்டது. "நான்தான் மாத்தச் சொன்னேன்," என்று மாமி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாசிக் கடைசியில் பிள்ளையின் கன்னம் நம் நிறத்துக்குத் திரும்பியது. அந்த நிறத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட தாய் தில்லியில் என்னைத் தவிர இருந்திருக்க மாட்டாள். மதினி வரட்டும், வந்து பார்க்கட்டும் என்று தெம்பாக இருந்தேன்.

மதினி வந்தார். கூடவே வெயிலும் வந்தது. தில்லியில் குளிர் போவதும் வெயில் வருவதும் சொல்லிக்கொண்டு நடக்காது. ஹோலி முடிந்த கையோடு மின்விசிறி போட வேண்டியதாகிவிட்டது. மதினி ரயிலிலிருந்து இறங்கும்போது கையில் ஒரு நீளப் பிரம்புக் கூடை. உள்ளே மெத்தை தைத்துப் போட்டிருந்தது. போகும்போது பிள்ளையைப் படுக்கவைக்க. பெஞ்சில் போட்டால் உருண்டுவிடுவாளே என்று பாளையங்கோட்டையில் சொல்லிச் செய்ததாம். வெள்ளிப் பாலாடை, பிள்ளைக்கு மெல்லிய துணியில் சட்டைகள். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அந்தக் கூடையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமும் பாவமும் சேர்ந்து வந்தன.

அந்த வாரமே பிள்ளைக்கு மறுபடி பொங்கிவிட்டது. வேர்வை தங்கிய இடத்தில், முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும், சிவந்து கசிந்தது. நான் செய்ததில் எதையும் விடவில்லை. இது வரும், போகும் என்று டாக்டர் சொன்னதும் நினைவிருந்தது. ஆனால் இத்தனை நாளில் வராமல், பார்க்க வேண்டியவர் வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதா வர வேண்டும்?

சமையலறையில் வைத்து என் வீட்டுக்காரர் தணிந்த குரலில் சொன்னார். "நீயும் பாடுபட்டுப் பாத்துட்ட. நான் இல்லங்கல. அக்கா ஆசையா வந்திருக்கா. ஒரு வருசம்தான?"

"ஒரு வருசம்தானன்னா ஒங்க அக்காவ இங்க வச்சுக்கிடுங்க. நான் வேணாம்னா சொன்னேன்?"

"பைய பேசு, கேக்கப் போகுது."

"கேக்கட்டும்."

கேட்டிருக்கும். இரண்டு அறை வீடு. மதினி சமையலறை வாசலில் வந்து நின்று, "கொஞ்சம் தண்ணி தாரியா?" என்றார்.

"மதினி, இது ஒங்க தம்பி வீடு. எடுத்துக் குடிங்களேன்," என்றேன். கோபத்தில் சொன்னதுதான். அவர் சிரித்துக்கொண்டு நின்றாரே தவிர எடுக்கவில்லை. நானே மொண்டு கொடுத்தேன்.

ரயிலுக்கு முந்தின நாள் காலை. சரியாக்கிக் காட்டுகிறேன் என்ற என் சவால் தோற்றிருந்தது, பிள்ளையை அனுப்புவது என்று ஆகிவிட்டது. பிள்ளையின் துணிகளை நான்தான் மடித்து வைத்திருந்தேன், கூடையில் மட்டும் வைக்கவில்லை. குளிப்பாட்டுவதற்குத் தண்ணீர் விளாவிக்கொண்டிருந்தபோது மதினி வந்தார். "நான் ஊத்தட்டுமா?" என்று கேட்டார். இனிமேல் அவர்தானே செய்யப் போகிறார் என்று பிள்ளையைக் கொடுத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.

முழங்கையை விட்டுத் தண்ணீரின் சூடு பார்த்தார். வேகமாகக் குளிப்பாட்டி எடுத்தார். நான் துண்டை நீட்டியபோது அதை வாங்காமல், தோளில் கிடந்த தன் பழைய சேலைத் துணியால் பிள்ளையை ஒற்றி ஒற்றி எடுத்தார். மடிப்பைப் பிரித்து, ஊதி, ஈரத்தோடு எண்ணெயை வைத்தார். பிள்ளை கத்தவில்லை. எனக்கு அந்தப் பதம் பிடிபட ஒரு மாதம் ஆகியிருந்தது.

"ஒத்தி எடுக்கணும்னு நான் சொல்லவே இல்லையே மதினி?"

"தேச்சா எரியும்ளா," என்றார். பிள்ளையின் மடிப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல், தன் வலது கையை என் பக்கம் நீட்டி விரித்துக் காட்டினார். முழங்கை மடிப்பில் தோல் தடித்து, கறுத்து, வரிவரியாக இருந்தது. அவரை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முழங்கை மறைய ரவிக்கை போடுவார். அது ஏன் என்று யோசித்ததில்லை.

"சின்னதுல எனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. எங்கம்மைக்கு அப்ப வயித்துல ஒண்ணு. பாக்க முடியலன்னு அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாவ. மேலு ஆறட்டும், கூட்டிக்கிடலாம்னு."

"ஆறலியா?"

"ஆறிட்டு. அந்த வருசமே ஆறிட்டு." பிள்ளையைத் திருப்பிப் போட்டு முதுகில் எண்ணெய் தடவினார். "கூப்பிடத்தான் ஒருத்தரும் வரல. அத்தைக்கும் பிள்ள கெடையாது. நல்லா இருக்கா, இருக்கட்டும்னுட்டாவ. அவ்வோ மேலயும் குத்தமில்ல, நல்லாத்தான் வச்சிருந்தாவ. கல்யாணத்துக்குத்தான் எங்கம்ம வீட்டுக்கு வந்தேன்."

நீட்டிய துண்டை நான் இன்னும் கையிலேயே வைத்திருந்தேன்.

"இப்பவும் அங்க போனா, பானையில நானா கைவச்சுத் தண்ணி குடிக்க மாட்டேன். கூச்சமா இருக்கும். அது அப்பிடியே எங்க போனாலும் பழகிட்டு." உள்சட்டையை எடுத்து, தையல் வெளிப்பக்கம் இருப்பதைத் தடவிப் பார்த்துவிட்டு மாட்டினார். "இவளக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். பொய் சொல்ல மாட்டேன். நேத்து ராத்திரிகூட அந்த நெனப்புதான். வச்சுக்கிட்டம்னா பொறவு நானும் விட மாட்டேன்ளா. எங்கத்த மாதிரிதான் செய்வேன். எனக்கே தெரியுது."

பிள்ளையை என் மடியில் வைத்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எண்ணெய்க் கை, வழுக்கியது. மறுபடியும் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது, அவருக்கு வரவில்லை. பதவிசு என்று நான் பெயர் வைத்திருந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் தம்பியிடம், "இந்த வெயில்ல ரயில்ல கொண்டு போனா பிள்ளைக்கு மேலு ரொம்பப் பொங்கிரும். நான் மட்டும் போறேன்," என்றார். என் வீட்டுக்காரரும் வெயில்தான் காரணம் என்றே நம்பினார். மறுநாள் நிலையத்தில் மதினி ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டினார். பிள்ளையும் துணிப்பை மாட்டிய கையை ஆட்டினாள். கூடையை எங்களிடமே விட்டுவிட்டார். அதில் வெங்காயம் போட்டு வைத்தோம், வருஷக்கணக்கில் உழைத்தது.

பிள்ளைக்கு அது ஒரேயடியாகப் போகவில்லை. ஒவ்வொரு குளிரிலும் தலைகாட்டியது, ஒவ்வொரு வெயிலிலும் எட்டிப் பார்த்தது. பள்ளிக்கூடச் சீருடைக் கம்பளிக்கு உள்ளே நான் தைத்த பருத்திச் சட்டை இருக்கும். வளர வளரக் குறைந்தது. இப்போது குளிர்காலத்தில் விரல்கள் மட்டும் வெடிக்கின்றன.

அவள் வீடு இப்போது தில்லியிலேயே துவாரகாவில். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். வந்ததும் செருப்பைக் கண்ட இடத்தில் கழற்றிவிட்டு, ஃப்ரிட்ஜைத் திறந்து, பாட்டிலை வாயில் கவிழ்த்துத் தண்ணீர் குடிப்பாள். அப்பாவுக்கு என்று எடுத்து வைத்ததை எடுத்துத் தின்பாள். அப்புறம் என் அலமாரியைக் குடைந்து, வாசலின் டப்பாவை எடுத்து, இரண்டு விரலால் தோண்டிக் கையெல்லாம் அப்பிக்கொள்வாள். மூடியைத் திரும்ப மூடியதாகச் சரித்திரமே இல்லை.

"கேட்டு எடுக்கத் தெரியாதா ஒனக்கு?" என்று கத்துவேன்.

"அரே அம்மா, உன்கிட்ட என்னத்தக் கேக்கிறது?" என்பாள்.

நானும் விடாமல் ஏசிக்கொண்டுதான் இருக்கிறேன். என்றைக்காவது அவள் என் வீட்டில் "தண்ணி எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டால் என்னால் தாங்க முடியாது.